கொதிக்கும் எஞ்சின், ஒழுகும் ரேடியேட்டர்: பழைய அம்பாசிடர், பத்மினி, மொரிஸ் வைத்திருப்பவர்களுக்குக் கேள்வி பதில்

சென்னை வாசகர்: மார்க் 2 அம்பாசிடர், 1489 சிசி பெட்ரோல். சிக்னலில் நின்றால் சூடு காட்டும் முள் ஏறுகிறது, பைபாஸில் ஓடினால் இறங்கிவிடுகிறது. மெக்கானிக் ரேடியேட்டரை மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா சார்?

இப்போதைக்கு மாற்றாதீர்கள். ஓடும்போது முள் இறங்குகிறது என்றால் தண்ணீர் ஒழுங்காகச் சுற்றுகிறது, ரேடியேட்டரும் பெருமளவு வேலை செய்கிறது. நிற்கும்போது காற்றுதான் போதவில்லை.

முதலில் ஃபேன் பெல்ட். நீளமான பக்கத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 12 மில்லிமீட்டர் உள்ளே போக வேண்டும். பெல்ட் தேய்ந்து புல்லியின் அடிப்பள்ளத்தைத் தொட்டுவிட்டால், எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். பள்ளத்தின் அடி பளபளவென்று இருந்தால் அதுதான் அடையாளம். அடுத்து ஃபேனைத் திருப்பி மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். வாட்டர் பம்ப் மாற்றிய வண்டிகளில் இது நடப்பதுண்டு. ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளான ஃபின்களுக்கு இடையே சேர்ந்த மண்ணையும் பூச்சியையும் எஞ்சின் பக்கத்திலிருந்து சாதாரணக் குழாய்த் தண்ணீரால் வெளியே தள்ளுங்கள். வாட்டர் சர்வீஸ் பிரஷர் வேண்டாம், ஃபின் மடங்கிவிடும்.

இவையெல்லாம் சரியாக இருந்தால் இக்னிஷன் டைமிங், அதாவது ஸ்பார்க் விழும் நேரம். பலர் கடைசியில் பார்க்கும் இதை நான் இரண்டாவதாகவே பார்க்கச் சொல்வேன். ஸ்பார்க் தாமதமானால் பெட்ரோல் எரிந்து முடிவதற்குள் எக்ஸாஸ்ட் வால்வு திறந்துவிடும். பிஸ்டனைத் தள்ள வேண்டிய சூடு ஹெட்டுக்குள் இறங்கும். டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் குழாயை வாயால் உறிஞ்சி, நாக்கால் அடைத்துப் பிடியுங்கள். உள்ளே பிளேட் நகர்ந்து அப்படியே நிற்க வேண்டும். திரும்பி வந்துவிட்டால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது.

சேலம்: எனக்கு நேர் எதிர். ஊருக்குள் பிரச்சினை இல்லை, 80 கிலோமீட்டர் வேகத்தில் பத்து நிமிடம் ஓட்டினால் கொதிக்கிறது.

இதுதான் உண்மையான ரேடியேட்டர் அடைப்பின் குணம். ஆனால் அதற்கு முன் கீழ் ஹோஸைப் பாருங்கள். எஞ்சினை ரேஸ் செய்யும்போது பம்ப் உறிஞ்சும் வேகத்தில் மெத்தென்று போன ஹோஸ் ஒட்டிக்கொள்ளும். நின்றதும் பழையபடி விரிந்துவிடுவதால் பார்வைக்கு நல்ல ஹோஸ் போலவே இருக்கும். உள்ளே ஸ்பிரிங் உள்ள புது ஹோஸ் போட்டால் தீரும்.

அடைப்பைக் கண்டுபிடிக்க அகச்சிவப்பு வெப்பமானி போதும். சூடான எஞ்சினை நிறுத்திவிட்டு, டியூப்களும் ஃபின்களும் சேர்ந்த நடுப்பகுதியான கோர் முழுதும் அளந்து வாருங்கள். மேலிருந்து கீழே சூடு படிப்படியாகக் குறைய வேண்டும். திட்டுத் திட்டாகக் குளிர்ந்த இடம் இருந்தால் அங்கே டியூப்கள் அடைந்திருக்கின்றன. பளபளப்பான பித்தளையில் அந்தக் கருவி குறைத்துக் காட்டும். அங்கே கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் அளவெடுங்கள்.

அடைப்பு உறுதியானால் மேல் தொட்டியைக் கழற்றி, டியூப் ஒவ்வொன்றிலும் மெல்லிய பட்டைக் கம்பி விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். கூடவே எஞ்சின் பிளாக்கையும் கழுவுங்கள். அம்பாசிடரின் பி-சீரிஸ் எஞ்சினில் துருவும் சேறும் பின்பக்கம், 4-ஆம் சிலிண்டரைச் சுற்றித்தான் படியும். பிளாக்கின் பின்பகுதியில் உள்ள டிரெயின் குழாயைத் திறந்தால் பெரும்பாலும் ஒரு சொட்டு வராது. குழாயைக் கழற்றிவிட்டுக் கம்பியால் குத்தி, சேறு நின்று தெளிந்த நீர் வரும்வரை கழுவுங்கள். இதைச் செய்யாமல் சுத்தமான ரேடியேட்டரை மாட்டினால் அந்தத் துரு அத்தனையும் அதில் போய் உட்காரும்.

திருச்சி: மேல் தொட்டியும் கோரும் சேரும் ஓரத்தில் கசிகிறது. வீட்டிலேயே ஈயம் வைக்க முடியுமா?

முடியும், பொறுமை இருந்தால். செம்பு, பித்தளை ரேடியேட்டரின் பெரிய வரமே அதுதான். ஆனால் வண்டியில் வைத்தபடியே பற்றவைக்கக் கூடாது. பக்கத்தில் பெட்ரோல் குழாய் இருக்கிறது.

கழற்றி, தண்ணீரை முழுவதும் வடித்து உலர்த்துங்கள். உள்ளே கொஞ்சம் நீர் தங்கினாலும் சூட்டை அதுவே குடித்துவிடும், ஈயம் உருகாது. கசிவு கண்ணில் பட்ட இடத்தில் மட்டும் இருக்கும் என்று நம்ப வேண்டாம். வாய்களை ரப்பர் அடைப்பானால் மூடி, கேஜ் உள்ள சைக்கிள் பம்பால் (சதுர அங்குலத்துக்கு) 7 பவுண்டு காற்று ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் முக்குங்கள். குமிழி வரும் இடத்தையெல்லாம் கீறி அடையாளம் வையுங்கள். கம்ப்ரஸர் காற்றை நேராக விட்டால் தொட்டி உப்பிவிடும்.

பிறகு கம்பி பிரஷ், எமெரி தாள் கொண்டு மஞ்சள் பித்தளை மின்னும்வரை தேயுங்கள். பெயின்ட்டின் மேலும் சுண்ணாம்புப் படிவின் மேலும் ஈயம் ஒட்டாது. நூற்றில் தொண்ணூறு தோல்விக்கு இந்த இடத்தில் காட்டும் அவசரமே காரணம். ஜிங்க் குளோரைடு ஃப்ளக்ஸ் தடவுங்கள். 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு காரீயமும் கலந்த 60/40 ஈயம் 183 டிகிரியில் இளகி 190-க்குள் முழுதும் உருகும். ரேடியோ வேலைக்கான 25 வாட் அயர்ன் இங்கே பயன்படாது, தொட்டி சூட்டை இழுத்துக்கொள்ளும். 200 வாட்டுக்கு மேற்பட்ட கனமான செம்பு முனை அயர்ன் வேண்டும். சிறிய டார்ச் என்றால் சுடரை ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே இருங்கள். பக்கத்து டியூப்களும் இதே ஈயத்தில்தான் நிற்கின்றன. ஒரு ஓட்டையை அடைக்கப் போய் நான்கு திறந்துகொள்ளும். ஈரத்துணியைச் சுற்றி வைத்தால் அவை தப்பும். ஈயத்தைக் கம்பியில் உருக்கிச் சொட்டவிடாதீர்கள். பித்தளை சூடாகி, அதைத் தொட்ட ஈயம் தானாக இடுக்குக்குள் ஓட வேண்டும்.

முடிந்ததும் சோடா மாவு கரைத்த வெந்நீரில் கழுவுங்கள். ஃப்ளக்ஸ் மிச்சம் இருந்தால் பச்சைப் பூத்து அரிக்கும். மறுபடி காற்றேற்றிச் சோதியுங்கள். ஈயப் புகை கெடுதல், திறந்த வெளியில் செய்யுங்கள். கறுப்பு பெயின்ட்டை மெலிதாகவே அடியுங்கள்.

ஓரம் ஏன் விட்டது என்றும் பாருங்கள். தாங்கும் ரப்பர் நைந்திருந்தாலோ பக்கப் பட்டை உடைந்திருந்தாலோ கோர் ஆடி ஆடி அதே இடத்தில் மீண்டும் விடும்.

மதுரை: ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போட்டால் ஒழுகல் நிற்கும் என்கிறார்களே?

நிற்கும், சில சமயம். நடுவழியில் ஊர் போய்ச் சேர வேறு வழியே இல்லாதபோது மட்டும் போடலாம். கசிவை அடைக்கும் அதே பொடி நல்ல டியூப்களின் உள்ளேயும் படியும். போட்டிருந்தால் உடனே முழுதும் கழுவிவிடுங்கள்.

யாழ்ப்பாணம்: அண்ணை, என்ர மொறிஸ் மைனரில ரேடியேட்டர் புதுசு. ஆனாலும் எஞ்சினுக்கு முன்னால எங்கேயோ தண்ணி ஒழுகுது. எங்கயெண்டு பிடிபடேல்ல.

வாட்டர் பம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவே விரல் நீளத்தில் ஒரு பைபாஸ் ஹோஸ் இருக்கிறது, பாருங்கள். மைனரில் உள்ள ஏ-சீரிஸ் எஞ்சினின் பழைய நோய் அது. ஒளிந்திருப்பதால் யாரும் மாற்றுவதில்லை. சாதாரண ஹோஸ் போட பம்பைக் கழற்ற வேண்டும். மடிப்பு மடிப்பாக வரும் வகையை அமுக்கிச் செருகிவிடலாம், ஆனால் ஆயுள் குறைவு. பம்பை எப்போது கழற்றினாலும் மறக்காமல் தடித்த வகையைப் போடுங்கள். ஹோஸ் காய்ந்திருந்தால் பம்பின் அடியிலுள்ள சிறு துளையைத் தடவுங்கள். அங்கே ஈரம் இருந்தால் பம்ப் சீல் போய்விட்டது. அந்தத் துளையை அடைக்கவே கூடாது, தண்ணீர் பேரிங்குக்குள் போகும்.

கோவை: தினமும் காலை அரை லிட்டர் ஊற்றுகிறேன். தரையில் ஒரு சொட்டுக்கூட இல்லை. ஹெட் கேஸ்கெட்டா?

கழுத்துவரை நிரப்புகிறீர்களா? தனி டேங்க் இல்லாத ரேடியேட்டரில், சூட்டில் விரியும் நீர் ஓவர்ஃப்ளோ குழாய் வழியே போய்விடும். கழுத்துக்கு 25 மில்லிமீட்டர் கீழே நிரப்பி ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். பலருக்கு இதோடு முடிந்துவிடும்.

அப்படியும் குறைந்தால் மூடியைப் பாருங்கள். 7 பவுண்டு மூடி சரியாக இருந்தால் தண்ணீர் சுமார் 111 டிகிரிவரை கொதிக்காது. ரப்பர் வெடித்திருந்தால் 100-லேயே பொங்கும். பழைய மூடியில் பொறித்த அளவையே வாங்குங்கள். கூடுதல் பவுண்டு மூடி பழைய ஈய இணைப்புகளைத் திறந்துவிடும்.

ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் கேஸ்கெட்டைச் சோதிக்க, குளிர்ந்த எஞ்சினில் ஃபேன் பெல்ட்டைக் கழற்றி, மூடியைத் திறந்து, ஒரு நிமிடம் மட்டும் ஓடவிடுங்கள். பம்ப் சுற்றாததால் தண்ணீர் அமைதியாக இருக்கும். விடாமல் குமிழி வந்தால் எரிந்த வாயு உள்ளே வருகிறது. அடுத்தடுத்த இரு சிலிண்டரில் கம்ப்ரஷன் குறைந்திருந்தால் சந்தேகமே இல்லை.

கோவை (மறுபடி): தெர்மோஸ்டாட் இல்லாமல்தான் ஓட்டுகிறேன். நம் வெயிலுக்கு அது தேவையா?

தேவை. எஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் அடைத்து வைக்கும் வால்வு அது. 74 அல்லது 82 டிகிரி போடுங்கள். அது இல்லாவிட்டால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும், பெட்ரோல் சிலிண்டர் சுவரின் எண்ணெயைக் கழுவும், ஆயில் கசடாகும். அதைக் கழற்றுவது அடைந்த ரேடியேட்டரைக் குணப்படுத்துவதும் இல்லை. வாங்கியதை வெந்நீரில் தொங்கவிட்டு, எந்த டிகிரியில் திறக்கிறது என்று பார்த்த பிறகே மாட்டுங்கள்.

புதுச்சேரி: பத்மினிக்கு எந்தக் கூலன்ட்? வெறும் தண்ணீர் போதாதா?

போதாது. பத்மினியின் ஹெட் அலுமினியம், பிளாக் வார்ப்பிரும்பு. இரண்டு உலோகத்துக்கும் நடுவே போர் தண்ணீர் நின்றால் கேஸ்கெட் ஓரத்தில் ஹெட் அரித்துப் போகும். பழைய எஞ்சின்களுக்கான பச்சை அல்லது நீல எத்திலீன் கிளைக்கால், மூன்றில் ஒரு பங்கு. மீதி டிஸ்டில்டு வாட்டர். உறைபனி இல்லாத ஊரில் அதற்கு மேல் வேண்டாம், தண்ணீர்தான் சூட்டை நன்றாகச் சுமக்கும். ஓஏடி (ஆர்கானிக் ஆசிட் டெக்னாலஜி) வகைக் கூலன்ட்டைத் தவிருங்கள், ஈய இணைப்புக்கு ஆகாது. சுத்தம் செய்ய சலவை சோடா ஊற்றாதீர்கள், அலுமினியத்தைத் தின்னும். கூலன்ட் இனிப்பாக இருக்கும், விஷம். வடித்ததை நாய் நக்கும்படி விடாதீர்கள்.

சென்னை: டைனமோ வண்டியில் எலக்ட்ரிக் ஃபேன் வைக்கலாமா?

வேண்டாம். 22 ஆம்பியர் டைனமோ ஐட்லிங்கில் கிட்டத்தட்ட ஒன்றுமே தராது. ஃபேன் 8 முதல் 10 ஆம்பியர் கேட்கும், அதுவும் சிக்னலில் நிற்கும்போதுதான். இரவில் ஹெட்லைட்டோடு இரண்டு நெரிசலைத் தாண்டினால் பேட்டரி இறங்கிவிடும். ஆல்டர்னேட்டர் போட்ட பிறகு, ரிலே, ஃப்யூஸ் சகிதம் வையுங்கள். அதுவரை ஃபேனைச் சுற்றி ஒரு தகரக் கூடு அடித்து மாட்டுங்கள். செலவு குறைவு, நிற்கும்போது கோர் முழுதும் காற்று இழுக்கும்.