நீல அல்லி இலை விடுகிறது, பூ எங்கே?

கேள்வி: அக்கா, பெல்கனியில் பெரிய பேசினில் நீலோற்பலம் வைத்து நாலு மாதமாகிறது. கொம்போஸ்டும் போட்டேன். இலைதான் விடுகிறது, பூவே இல்லை. நுளம்பு பெருகும், தூக்கி வீசு என்று மாமி தினமும் சொல்கிறார்.
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, மாமி சொல்வதில் நியாயம் இருக்கிறது. கொழும்பு வெக்கைக்கு டெங்கு நுளம்பின் முட்டை ஒரு கிழமை, பத்து நாளில் நுளம்பாகிப் பறந்துவிடும். ஐந்தாறு கப்பி மீன் விடுங்கள், புழுவையெல்லாம் தின்றுவிடும். முட்டை பேசின் விளிம்பில் ஒட்டியிருக்கும், கிழமைக்கு ஒருதரம் தேய்த்துக் கழுவுங்கள். மீன் பெருகினால் வாய்க்காலில் மட்டும் விட வேண்டாம், அது நம் ஊர் மீன் இல்லை.

சரி, பூவுக்கு வருவோம். ஐந்தாறு மணித்தியாலம் நேர் வெயில் இல்லாவிட்டால் அல்லி மொட்டே வைக்காது, அதனால் முடிந்தால் மொட்டைமாடிக்கு ஏற்றுங்கள். கொம்போஸ்டை எடுத்துவிட்டு வெறும் களிமண்ணில் கிழங்கை ஊன்றி, மேலே ஒரு சாண் தண்ணீர் நிறுத்தினால் போதும்.

ஒன்று கவனியுங்கள். கடைகளில் அடர் ஊதாவில் கிடைப்பது பெரும்பாலும் கலப்பினம். 1986 இல் தேசிய மலராக அறிவித்த நம்முடைய அல்லி வெளிறிய நீலம். கேட்டு வாங்குங்கள். கொழும்புக்கு 2018 இல் ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது, ஆனாலும் சதுப்பில் மண் கொட்டி நிரப்புவது நிற்கவில்லை, அதனால் மாடியில் ஒரு பேசின் என்றாலும் எனக்கு அது பெரிய விஷயம்.

பூத்ததும் காலை எட்டு ஒன்பது மணிக்குக் கிட்டப் போய்ப் பாருங்கள். முதல் நாள் பூவின் நடுவில் குட்டிக் கிண்ணம் மாதிரி ஒரு திரவம் தேங்கி நிற்கும். வேறு பூவில் மகரந்தம் பூசிக்கொண்டு வரும் தேனீ அதில் வழுக்கி விழ, உடம்பிலுள்ள தூள் கழன்று சூலகத்துக்குப் போகும். சில தேனீ அதிலேயே செத்தும் போகும், பார்க்கப் பாவமாக இருக்கும். அடுத்த நாள் திரவம் வற்றி, பூ தன் மகரந்தத்தைக் கொடுக்கத் தொடங்கும். தேனீ வர வேண்டுமென்றால் பக்கத்துச் செடிக்கும் பூச்சிமருந்து அடிக்காதீர்கள்.

அப்புறம், மூன்று நான்கு நாளில் பூ மூடி, காம்பு வளைந்து தண்ணீருக்குள் இறங்கும். அழுகுகிறது என்று வெட்டிவிடாதீர்கள், காய் அங்கேதான் முற்றும்.