மருந்து இறங்கும் நேரமும் காபா குளிசையும்

கேள்வி: ஏடிஎச்டி எனும் கவனக்குறைவு, மிகைத்துடிப்புக் கோளாறுக்காக என் 9 வயது மகனுக்கு மெதில்ஃபெனிடேட் 10 மில்லிகிராம் காலை 7 மணிக்கும் பகல் 11 மணிக்கும் கொடுக்கிறோம். பள்ளிக்கூடத்தில் பிரச்சினை இல்லை. பின்னேரம் 3 மணியானால் தொட்டதற்கெல்லாம் அழுகை, தம்பியோடு சண்டை. மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற இரசாயனத்தை மருந்து குறைக்கிறதோ? காபா குளிசை கொடுக்கலாமா? (தாய், வெள்ளவத்தை)

பதில்: காபா குளிசை வேண்டாம். விழுங்கும் காபா குருதியிலிருந்து மூளைக்குள் சரிவரப் புகுவதில்லை; காசுதான் நட்டம்.

மெதில்ஃபெனிடேட் காபா வாங்கிகளில் (நரம்புக்கலத்தில் காபா போய் ஒட்டும் இடங்களில்) ஒட்டும் மருந்தும் அல்ல. செய்தி கடத்த வெளிவிட்ட டோபமின், நோரட்ரினலின் என்ற இரசாயனங்களை நரம்புக்கலம் திருப்பி உறிஞ்சும் வழியைத்தான் அது அடைக்கிறது. காபாவோடு உள்ள தொடர்பு சுற்றுவழியானது. மூளையின் ஆழத்தில் உள்ள ஸ்ட்ரையேட்டத்தில் 10 கலங்களில் 9க்கு மேல் காபாவை விடுபவை. கையை உயர்த்தாமல் பதிலைக் கத்துவதா, பொறுப்பதா என்று சல்லடை போடுவதில் அவற்றுக்குப் பெரும் பங்கு. எது எப்போது காபாவை விடவேண்டும் என்பதை டோபமின் திருத்துகிறது. ஆகவே மாறுவது காபா வெளிவரும் தருணமும் இடமும்தான், சேமிப்புத் தீர்ந்துபோவதல்ல.

சாதாரணக் குளிசை வேலை செய்வது 3 முதல் 4 மணித்தியாலம். 11 மணிக் குளிசை 3 மணியளவில் இறங்கிவிடும். டோபமின் சரிய, குணமும் சரிகிறது. போதாததற்கு மருந்து பசியைக் கெடுப்பதால் பகல் சாப்பாடு பாதியில் நின்றிருக்கும். இரண்டரைக்கே முட்டையோ கடலையோ சேர்த்து வயிறாறக் கொடுத்துப் பாருங்கள். இது சிலவேளை ஆச்சரியப்படும் அளவுக்கு உதவும்.

ஒரு கிழமைக்குக் கொப்பியில் குறியுங்கள்: குளிசை நேரம், சாப்பிட்டது, எரிச்சல் தொடங்கிய நேரம், நித்திரை. குளிசை போட்டு ஒன்று, இரண்டு மணித்தியாலத்தில் பிள்ளை பொம்மை மாதிரி உறைந்திருந்தால் அளவு கூடியிருக்கலாம். மூன்றரை மணித்தியாலத்துக்குப் பிறகே குழப்பம் என்றால் மருந்து இறங்குகிறது. இரண்டுக்கும் தீர்வு வேறு என்பதால் இந்தக் குறிப்புத்தான் வைத்தியருக்கு முக்கியம். கிளினிக்கில் உயரம், நிறை, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள்.

அம்மம்மாவின் நித்திரைக் குளிசையில் கால்வாசி உடைத்துக் கொடுக்கும் யோசனை சில வீடுகளில் வரும். கூடவே கூடாது. டயசிபாம் போன்றவை காபா வாங்கிகளில் நேரடியாக வேலை செய்து பிள்ளையை மந்தமாக்கும். சில பிள்ளைகளுக்கு எதிர்மாறாகக் கொந்தளிப்பும் வரும். பி6 விற்றமினும் அப்படித்தான்: காபா உருவாக அது தேவை, ஆனால் குறைபாடு இல்லாதவருக்கு நீண்டகாலம் அதிகம் கொடுத்தால் நரம்பு பாதிக்கும்.

வைத்தியர் நீண்டநேரம் வேலை செய்யும் வகைக்கு மாற்றலாம், அல்லது பின்னேரத்துக்குச் சிறிய அளவொன்று சேர்க்கலாம். பிந்திக் கொடுத்தால் இரவு நித்திரை கெடும் என்பதால் நேரத்தை அவரிடமே கேளுங்கள். நீண்டநேர வகை கிடைத்தால் பொடித்துச் சோற்றில் கலக்க வேண்டாம். நாள் முழுவதற்குமான மருந்து ஒரேயடியாக உடம்பில் சேர்ந்துவிடும்.