கால்வாய்ப் படகின் வெறும் கூட்டை வாங்கினால் எதில் தொடங்குவது?

இங்கிலாந்தில் நேரோபோட்டின் (கால்வாய்களில் ஓடும் ஒடுங்கிய நீளப் படகு) வெறும் எஃகுக் கூட்டை வாங்கி, உள்வேலையையும் பெயின்டையும் நாமே செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

செய்யலாம். ஆனால் மரவேலைக்கு முன் வெளித் தகட்டைப் பாருங்கள். புது எஃகின் மேல் நீலக்கருப்பாக ஒரு படலம் இருக்கும். ஆலையில் சூடாக உருட்டும்போதே படிவது. வழவழவென்று அழகாகத்தான் இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். அதன் மேலேயே பெயின்ட் அடித்தால், நாளை அது செதில் செதிலாக உரியும்போது பெயின்டும் கூடவே வந்துவிடும். கிரிட் பிளாஸ்டிங் செய்து (கரடுமுரடான துகள்களை வேகமாகப் பீய்ச்சிப் படலத்தை நீக்கி), அன்றைக்கே ப்ரைமர் என்ற அடிப்பூச்சை அடித்துவிடுங்கள். தகட்டின் சூடு பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 3 டிகிரி செல்சியஸாவது கூடுதலாக இருக்க வேண்டும். குளிர்காலக் காலையில் தகட்டைத் தொட்டால் விரல் ஈரமாகும். அன்று பிரஷ்ஷைத் தொடவே வேண்டாம்.

நீர்மட்டத்துக்குக் கீழே எபாக்ஸி (கெட்டியாக இறுகும் பிசின் பூச்சு) நல்லது. தார் போன்ற பிட்டுமென் பூச்சு மலிவு; ஆனால் இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை படகைக் கரையேற்றிப் புதிதாகப் பூச வேண்டும்.

அப்புறம் உள்ளே: அடியில் படகு நிலையாக நிற்கப் பாரக்கற்கள், பிறகு மரச்சட்டங்கள், குளிரைத் தடுக்கும் ஸ்பிரே ஃபோம், வயரிங், கடைசியில்தான் பிளைவுட். வெளி அகலமே 6 அடி 10 அங்குலம்தான், ஒவ்வோர் அங்குலமும் கணக்கு. கேஸ் இணைப்பை மட்டும் தகுதி பெற்றவரிடம் விட்டுவிடுங்கள்.