வைட்டமின் மாத்திரையை எண்ணெய், முட்டை உள்ள சாப்பாட்டோடு எடுக்கச் சொல்வது ஏன்? உடற்பயிற்சி செய்பவர் கொழுப்பை முழுதாக விடலாமா?

விடக்கூடாது. ஏ, டி, ஈ, கே ஆகிய நான்கும் கொழுப்பில் கரையும் வைட்டமின்கள். சாப்பாட்டில் கொழுப்பு இருந்தால்தான் பித்தநீர் போதுமான அளவு குடலுக்கு வந்து, இவற்றைக் கரைத்து உள்ளே சேர்க்கும். கையில் ஒட்டிய கிரீஸ் வெறும் தண்ணீரில் போகாது, தேங்காய் எண்ணெய் தேய்த்தால் வந்துவிடும் அல்லவா, அதே கதைதான். காலையில் வெறும் வயிற்றில் புரோட்டீன் பவுடரைத் தண்ணீரில் கலக்கி, கூடவே டி மாத்திரையும் விழுங்கினால் அதன் முழுப் பயன் கிடைக்காமல் போகலாம். மஞ்சள் கருவோடு இரண்டு முட்டை சாப்பிட்டால் சுமார் 10 கிராம் கொழுப்பு வந்துவிடும், அது போதும்.

நாள் முழுவதற்கும் மொத்தக் கலோரியில் 20 முதல் 30 சதவீதம் கொழுப்பு வேண்டும். 2,500 கலோரி சாப்பிடுபவருக்குக் கால் பங்கு என்றால் ஏறத்தாழ 70 கிராம். நல்லெண்ணெய், வேர்க்கடலை, மத்தி மீன் எல்லாம் இதில் அடக்கம். நீண்ட நாள் மிகக் குறைத்தால் ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனும் சற்றுக் குறையலாம்.

அதிகம் போட்டால் சீக்கிரம் பலன் என்று நினைத்து, சிலர் வாரம் ஒருமுறைக்கான 60,000 யூனிட் டி மாத்திரையைத் தினமும் போடுகிறார்கள். தசை வளராது, உடலில் தேங்கி ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகம்தான் கெடும்.