அடி இலையைத் தடவிப் பாருங்கள்

கேள்வி: அமெரிக்காவில் இல்லினாய்ஸில் இருக்கும் என் மகள், புல்வெளி ஓரத்தில் செப்டம்பரில் பூத்த நீலப் பூவின் படம் அனுப்பினாள். நடுவில் மஞ்சள். பெயர் என்ன? இங்கே வளருமா?
– வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: ஆஸ்டர் வகை, நம் சாமந்தியின் குடும்பம். பூவை மட்டும் வைத்து இனம் சொல்ல முடியாது. அங்கே நீல ஆஸ்டர்கள் பல உண்டு, எல்லாம் ஒரே மாதிரிதான் பூக்கும். மகளை இலையைப் படமெடுக்கச் சொல்லுங்கள், முக்கியமாகத் தரையை ஒட்டிய இலையை. அது நீண்ட காம்போடு, இதய வடிவில், தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரத்து, விளிம்பில் பல் அதிகம் இல்லாமல் இருந்தால் 'ஸ்கை புளூ ஆஸ்டர்'. மேலே போகப்போக இலை ஒடுங்கிவிடும்.

இலை வழவழப்பாக, காம்பின்றித் தண்டைத் தழுவினால் 'ஸ்மூத் ஆஸ்டர்'. இதய வடிவ இலையில் ரம்பப் பல் தெளிவாக இருந்தால் 'புளூ வுட் ஆஸ்டர்'. பூக்கும் நேரத்தில் அடி இலை காய்ந்துவிடுவதும் உண்டு. குழப்பம் பெரும்பாலும் அதனால்தான். பக்கத்தில் பூக்காத இளஞ்செடி இருக்கிறதா என்று தேடட்டும்.

நடுமஞ்சள் சிவந்திருந்தால் கவலை வேண்டாம், பூ முதிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஸ்கை புளூ ஆஸ்டரின் அறிவியல் பெயரில் ஒஹாயோ மாநிலத்தின் ஒலன்டாஞ்சி ஆற்றின் பெயர் இருக்கிறது; 1835-இல் பெயரிட்ட தாவரவியலாளர் ரிடெல் ஆற்றின் பெயரில் எழுத்தைச் சற்று மாற்றி எழுதியது அப்படியே நிலைத்துவிட்டது.

கொருக்குப்பேட்டை மாடிக்கு இது வேண்டாம். உறைபனிக் குளிர்காலத்துக்குப் பழகிய செடி. அனுமதியின்றி விதை கொண்டுவரவும் கூடாது.