பரணில் கிடந்த லேப்டாப்பை எழுப்ப முடியுமா?

கேள்வி: அண்ணே, உசிலம்பட்டி பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். 2014-ல் பிளஸ் டூ படித்தபோது பள்ளியில் கொடுத்த லேப்டாப் நாலு வருஷமாகப் பரணில் கிடந்தது. தங்கச்சி காலேஜ் சேர்ந்திருக்கிறாள், அவளுக்காகும் என்று எடுத்தேன். சார்ஜர் போட்டால் அதன் விளக்கு எரிகிறது. பட்டனை அழுத்தினால் ஃபேன் ரெண்டு செகண்டு சுற்றி நின்றுவிடுகிறது. ஸ்கிரீனில் ஒன்றும் வரவில்லை. மதுரையில் ஒரு கடையில் காட்டினேன். ‘போர்டு போச்சு, புதுசு வாங்கிக்கோங்க’ என்றார்கள். இணையத்தில் ரிப்பேர் தெரிந்த ஆர்வலர்களிடம் கேட்டால், அவர்கள் திருப்பிக் கேட்கிற கேள்வி எனக்குப் புரியவில்லை. நானே சரிசெய்ய முடியுமா?

பதில்: தாராளமாக முயற்சி செய்யலாம் தம்பி. நீங்கள் எழுதியதில் இரண்டு விஷயம் எனக்கு நம்பிக்கை தருகிறது. லேப்டாப்பின் முக்கிய மின்பாதையில் ஷார்ட் இருந்தால் பெரும்பாலும் சார்ஜரைச் செருகியதுமே அதன் விளக்கு அணையும், அல்லது விட்டுவிட்டு எரியும். உங்களுடையது நின்று எரிகிறது. ஃபேன் சுற்றுகிறது என்றால், பட்டனை அழுத்திய சேதி போர்டுக்குப் போய், போர்டும் வேலையை ஆரம்பித்திருக்கிறது. அடுத்த படியில் ஏதோ ஒன்று கிடைக்காமல் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது. அது எந்தப் படி என்று கண்டுபிடிப்பதுதான் இனி வேலை.

கடைக்காரர் மேல் வருத்தப்பட வேண்டாம். பத்து வருஷம் தாண்டிய மெஷினுக்கு அரை நாள் உட்கார்ந்தால் அவருக்குக் கடை வாடகை கட்டாது. இணையத்தில் இருக்கும் ஆர்வலர்களுக்கு அந்த நேரம் இருக்கிறது, ஆசையும் இருக்கிறது. ஆனால் அவர்கள் கையும் கண்ணும் உங்கள் வீட்டில் இல்லை. நீங்கள் பார்த்துச் சொல்வதை வைத்துத்தான் அவர்கள் யோசிக்க முடியும். அதனால் கேட்பதற்கு முன்னால் நீங்களே செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

முதலில் பேட்டரி. கழற்றக்கூடியது என்றால் கழற்றி மேஜை மேல் வைத்துப் பாருங்கள். வயிறு உப்பியிருந்தால் அதைத் திரும்பப் போடவே கூடாது. அழுத்திப் பார்ப்பதோ, குத்திப் பார்ப்பதோ வேண்டாம், தீப்பிடிக்கும். சார்ஜரையும் எடுத்துவிட்டுப் பவர் பட்டனை முப்பது செகண்டு அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் இறங்கிவிடும். பிறகு பேட்டரி இல்லாமல் சார்ஜரை மட்டும் போட்டுப் பாருங்கள். சில மெஷின் இதிலேயே எழுந்துவிடும்.

எழாவிட்டால் மறுபடியும் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பின்மூடியைத் திறக்க வேண்டும். அட்டை ஒன்றில் லேப்டாப்பின் உருவத்தை வரைந்து, எந்த ஸ்க்ரூ எந்த இடமோ அந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். ஸ்க்ரூக்கள் ஒரே நீளம் இல்லை. நீளமானதைக் குட்டையானதன் துளையில் முறுக்கினால் போர்டிலேயே துளை விழும். நல்லாயிருந்த மெஷின் இப்படி வீணானதைப் பார்த்திருக்கிறேன்.

திறந்ததும் ஹார்டு டிஸ்கைக் கழற்றித் தனியே வையுங்கள். பழைய போட்டோ, மார்க் ஷீட் ஸ்கேன் எல்லாம் அதில்தானே இருக்கும். ஹார்டு டிஸ்கை யூஎஸ்பியில் இணைக்கிற சாட்டா-யூஎஸ்பி கேபிள் ஒன்று வாங்கி வேறு கம்ப்யூட்டரில் செருகி, வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். டிஸ்க் இல்லாமலேயே மெஷின் ஸ்கிரீன் வரை வர வேண்டும், சோதனைக்கு அது தேவையில்லை.

இப்போது ரேம், அதாவது மெஷின் ஓடும்போது பயன்படும் நினைவகப் பட்டை. என் சந்தேகம் முழுக்க இதன் மேல்தான். இரண்டு பக்கமும் இருக்கும் கொக்கிகளை விரலால் வெளிப்பக்கம் தள்ளினால் ரேம் சாய்வாக எழும்பும். எடுத்து, அதன் தங்கநிற விளிம்பை வெயிலில் பாருங்கள். பரணில் கிடந்ததென்றால் மங்கலான படலம் இருக்கும். வெள்ளை ரப்பரால் மெதுவாக இரண்டு தடவை துடைத்துத் துகளைத் தட்டிவிடுங்கள். ஸ்லாட்டுக்குள்ளும் பார்க்க வேண்டும். நம் ஊர்ப் பரணில் கரப்பான் குடியிருக்காத லேப்டாப் அபூர்வம். அதன் எச்சம் ஈரத்தை இழுத்துப் பின்களைப் பச்சை பூக்க வைக்கும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். மொபைல் சர்வீஸ் சாமான் விற்கிற கடையில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கிடைக்கும். மதுரை டவுன்ஹால் ரோட்டில் விசாரியுங்கள். அதில் மெல்லிய பெயிண்ட் பிரஷ்ஷை நனைத்து, பின்கள் போகும் திசையிலேயே தடவி நன்றாகக் காயவிடுங்கள். ரேமைத் திரும்பப் போடும்போது சாய்வாக முழுக்க உள்ளே தள்ளி, பிறகு கீழே அமுக்குங்கள். ‘டக்’ என்று இரண்டு கொக்கியும் பிடிக்க வேண்டும். தங்க விளிம்பு கோடாக வெளியே தெரிந்தால் சரியாக உட்காரவில்லை.

இரண்டு ஸ்லாட் இருந்தால் மற்றதிலும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். பிறகு ரேமே இல்லாமல் ஒரு தடவை ஆன் செய்யுங்கள். பல மெஷின்கள் ரேம் இல்லை என்று பீப் அடித்துச் சொல்லும். ரேம் இல்லாதபோது பீப் வந்து, ரேம் போட்டும் ஸ்கிரீனில் ஒன்றும் வரவில்லை என்றால் பிராசஸர் உயிரோடு இருக்கிறது, ரேம்தான் சந்தேகம். மாற்று ரேம் இரவல் கிடைத்தால் நல்லது. வாங்குவதென்றால் பழையதன் ஸ்டிக்கரைப் பாருங்கள். ‘பிசி3எல்’ என்றால் 1.35 வோல்ட், வெறும் ‘பிசி3’ என்றால் 1.5 வோல்ட். எல் வகை பொதுவாக இரண்டு வோல்ட்டிலும் ஓடும், எல் மட்டும் கேட்கிற போர்டில் மற்றது ஓடாது. சந்தேகமென்றால் எல் வகையே வாங்குங்கள்.

பயாஸுக்கான (மெஷின் எழும்போது முதலில் ஓடும் நிரல்) பொத்தான் பேட்டரியும் போயிருக்கலாம். அதன் அளவு 3 வோல்ட். மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டரில் 2.5-க்குக் கீழே காட்டினால் மாற்றிவிடுங்கள்.

மல்டிமீட்டர் ஒன்று வாங்கச் சொல்வேன், சில நூறு ரூபாய்தான். சார்ஜர் முனையை அளக்கும்போது டிசி 200 வோல்ட் நிலையில் வையுங்கள். 20-ல் வைத்தால் 20 வோல்ட் சார்ஜருக்கு மீட்டர் வெறும் ‘1’ காட்டி நிற்கும், பலர் அதைப் பார்த்துச் சார்ஜர் கெட்டது என்று முடிவு செய்கிறார்கள். சிவப்பு வயர் 10 ஆம்பியர் துளையில் இருக்கக் கூடாது. சார்ஜர் லேபிளில் அச்சிட்ட வோல்ட்டை ஒட்டி மீட்டர் காட்ட வேண்டும்.

இவ்வளவும் செய்து எழவில்லை என்றால் அப்போது ஆர்வலர்களிடம் போங்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சில வருஷம் முன்பு இதே மாதிரி ஒரு மெஷினுக்கு ‘டிஸ்ப்ளே வரவில்லை, உதவுங்கள்’ என்று ஒரு வரி எழுதினேன். மூன்று நாள் யாரும் பதில் சொல்லவில்லை. பிறகு இப்படி எழுதினேன்: ‘மாடல் இது, போர்டு எண் இது. சார்ஜர் முனையில் 19.6 வோல்ட். பட்டன் அழுத்தினால் ஃபேன் 2 செகண்டு. ரேம் இல்லாமலும் அதே. டிஸ்க் கழற்றியாச்சு. பொத்தான் பேட்டரி புதுசு.’ கூடவே மொட்டை மாடி வெளிச்சத்தில் எடுத்த நாலு படம். ஒரு மணி நேரத்தில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் என் படத்திலேயே சிவப்பு வட்டம் போட்டு அனுப்பினார். ரேம் ஸ்லாட்டில் ஒரே ஒரு பின் மற்றவற்றைவிடத் தாழ்ந்து கிடந்தது. நான் அதை நூறு தடவை பார்த்திருப்பேன். தையல் ஊசி முனையால் நிமிர்த்தினேன். மெஷின் எழுந்தது.

அவர்கள் கேட்கும் போர்டு எண் மதர்போர்டிலேயே வெள்ளை எழுத்தில் அச்சாகியிருக்கும். பிராண்டு எதுவாக இருந்தாலும் போர்டைச் செய்வது பெரும்பாலும் வேறு கம்பெனி. காம்பல் செய்ததில் ‘எல்ஏ’ என்றும், குவாண்டா செய்ததில் ‘டிஏ0’ என்றும் தொடங்கும். அந்த எண்ணை வைத்துத்தான் சர்க்யூட் வரைபடம் தேட முடியும். ‘3 வோல்ட், 5 வோல்ட் வருதா’ என்று கேட்டால், போர்டில் சாம்பல்நிறச் சதுரமாக இருக்கும் காயில்களில் அளந்து சொல்லச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். எந்தக் காயில் என்று உங்கள் படத்தில் குறித்துத் தரச் சொல்லுங்கள், தருவார்கள். கறுப்பு வயரை ஸ்க்ரூ துளையின் உலோக வளையத்தில் வையுங்கள். சிவப்பு முனை பக்கத்துப் பாகத்தைத் தொட்டு இரண்டையும் இணைத்துவிடக் கூடாது, நல்ல போர்டு போவது அந்த ஒரு நொடியில்தான்.

படத்தை வாட்ஸப்பில் டாக்குமெண்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் சுருங்கி எண்கள் மங்கிப்போகும். சீரியல் எண்ணை மறைத்துவிடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு பேர் சொன்னதைச் செய்யாதீர்கள். எது வேலை செய்தது, எது கெடுத்தது என்று தெரியாமல் போகும். யாராவது பயாஸ் சிப்பில் நிரலை மறுபடி எழுதச் சொன்னால் அவசரப்பட வேண்டாம். அதை எழுத மலிவாக வரும் கறுப்பு சிஎச்341ஏ கருவிகளில் பல, 3.3 வோல்ட் சிப்புக்கும் டேட்டா காலில் 5 வோல்ட் தள்ளும். எழுதத்தான் வேண்டும் என்றால் முதலில் பழையதை இரண்டு தடவை படித்து, இரண்டு கோப்பும் ஒன்றுதானா என்று பார்த்துப் பத்திரப்படுத்திய பிறகுதான்.

எழுந்துவிட்டால் ஃபேனின் தூசியைத் துடைத்து, பிராசஸர் மேல் காய்ந்துபோன, சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டை மாற்றுங்கள். மதுரைச் சித்திரை வெயிலுக்கு இது கட்டாயம். ஹார்டு டிஸ்குக்குப் பதில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) போட்டால் தங்கச்சிக்கு வித்தியாசம் அன்றே தெரியும். ரேம் 2 ஜிபிதான் என்றால் 4 ஆக்குங்கள். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. அதற்குப் பதில் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடுங்கள், தமிழ்99 விசைப்பலகையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம்.

வருகிற ஞாயிறு பகல் வெளிச்சத்தில் மூடியைத் திறந்து, ஸ்லாட்டைத் துடைப்பதற்கு முன் ஒரு படம் எடுங்கள். எனக்கும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.