ரோபோவோடு மல்லுக்கட்டும் மகளை எதில் சேர்ப்பது?

அம்மா, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். பள்ளிக் கடைசி வருடத்தில் மகள் நான்கு பேரோடு சேர்ந்துகொண்டு மூன்று மாதமாக ரோபோவே கதி என்று இருக்கிறாள், செயற்கை நுண்ணறிவுப் படிப்பில் சேர்த்துவிடு என்று உங்கள் அண்ணன் விடாமல் சொல்கிறார், கடன் வாங்கியாவது சேர்க்கலாமா என்று கேட்கிறீர்கள். உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனால் என் பதில், வேண்டாம்.

காரணம் நீங்களே எழுதியதில் இருக்கிறது. தரையில் போட்ட கோட்டைப் பார்த்து ஓடும் அந்த ரோபோ வண்டி, மோட்டார் கிளம்பும்போதெல்லாம் ரீசெட் ஆகியிருக்கிறது. புரோகிராம் எழுதிய பையன் இரண்டு நாளாக அதில் பிழை தேடியிருக்கிறான். உங்கள் மகளோ மோட்டாரை நேராக பேட்டரியில் கொடுத்து, சக்கரத்தைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டரில் வோல்டேஜ் சரிவதைக் காட்டியிருக்கிறாள். நின்ற நிலையிலிருந்து கிளம்பும் மோட்டார், சும்மா ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு கரன்ட் இழுக்கும், அதனால் வரும் வோல்டேஜ் சரிவை, புரோகிராமை ஓட்டும் மின்சுற்றுப் பலகையான போர்டு தாங்காமல் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். போர்டுக்குத் தனி பேட்டரி வைத்து, இரண்டின் கிரவுண்டையும், அதாவது மைனஸ் முனைகளையும், இணைத்ததும் சரியாகிவிட்டதாம். அந்தப் பெண்ணைப் பெரும்பாலும் திரையோடு மட்டுமே வேலை இருக்கும் படிப்பில் ஏன் உட்கார வைக்க வேண்டும்?

கம்ப்யூட்டர் சயின்ஸ், மெக்கானிக்கல் பற்றி ஊரே சொல்லும், விட்டுவிடுகிறேன். யாரும் சொல்லாதது இன்ஸ்ட்ருமென்டேஷன் அண்ட் கன்ட்ரோல் என்ற பொறியியல் பிரிவு. அளப்பது, அளந்ததை வைத்துத் திருத்துவது, இவ்வளவுதான் அதன் உயிர். வண்டி கோட்டைவிட்டு விலகிய அளவுக்கு மட்டும் திருப்பினால் பாம்பு போல நெளியும். விலகல் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதையும் சேர்த்துக்கொண்டால் அடங்கும். பழைய விலகல்களின் கூட்டுத்தொகையையும் சேர்த்தால், ஒரே பக்கமாகக் கொஞ்சம் தள்ளியே ஓடும் குறையும் போகும். இந்த மூன்றையும் சேர்த்துத் திருத்தும் முறைதான் பிஐடி (PID). கப்பலைத் தானாகச் செலுத்துவதற்காக, சுக்கான் பிடிப்பவர்கள் எப்படித் திருப்புகிறார்கள் என்று கவனித்து, பொறியாளர் நிக்கோலாஸ் மினோர்ஸ்கி 1922-இல் இதன் கணக்கை எழுதினார். கொதிகலன், மருந்து ஆலை, குடிநீர் சுத்திகரிப்பு, டிரோன் என்று இன்றும் எங்கும் அதே கணக்குதான். சென்சாரைச் சரிபார்ப்பது, ஆலை இயந்திரங்களை இயக்கும் சிறு கணினியான பிஎல்சிக்கு (PLC) நிரல் எழுதுவது, புதிய ஆலையை முதல்முறை ஓட வைப்பது, எல்லாம் இவர்கள் வேலை. ஷிஃப்டும் இருக்கும், சூடும் தூசியும் இருக்கும், அதையும் மகளிடம் சொல்லிவிடுங்கள். கணக்கும் நிறைய உண்டு. வகைக்கெழுச் சமன்பாடு என்றாலே ஓடுகிற பிள்ளை என்றால் இது சரிப்படாது.

கல்லூரியைப் பார்க்கப் போனால் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். கன்ட்ரோல் லேபில் ஒரு பிஎல்சியை எத்தனை மாணவர்கள் பங்கிடுகிறார்கள், அவர்களே வயர் கொடுக்கிறார்களா, அல்லது ஆசிரியர் செய்வதைச் சுற்றி நின்று பார்க்கிறார்களா என்று கேளுங்கள்.

கடன் விஷயத்தில் நான் இறங்கி வரமாட்டேன். தவணை கட்டப்போவது அண்ணன் இல்லை, நீங்களும் மகளும். கையிலிருக்கும் பணத்துக்குள் அடங்கும் கல்லூரியில் இதே பிரிவு கிடைத்தால் அங்கே சேருங்கள், டிப்ளமோவில் தொடங்கினாலும் தவறில்லை.

ரோபோவை இப்போது நிறுத்தச் சொல்லாதீர்கள். புரோகிராமில் எந்த எண்ணை மாற்றியபோது வண்டி எப்படி ஓடியது என்று தினமும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள், நேர்முகத் தேர்வில் அந்த நோட்டு பேசும். அடுத்த சோதனை ஓட்டத்துக்கு நீங்களும் போய் ஒரு ஓரமாக உட்காருங்கள். வண்டி நின்றதும் அவள் கை முதலில் லேப்டாப்புக்குப் போகிறதா, மீட்டருக்கா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். அதுவரை எந்த விண்ணப்பத்தையும் நிரப்ப வேண்டாம்.